மீன்களுக்குச் சீட்டு எழுதும் சொர்ணலதா

வாளியைக் கையில் வாங்கியதும் சொர்ணலதா மீனைப் பார்ப்பதில்லை. முகத்தை வாளிக்குள் இறக்கித் தண்ணீரை மோந்து பார்க்கிறார். இரண்டு முறை. பிறகு சுண்டுவிரலை முக்கியெடுத்துக் கட்டைவிரலோடு தேய்த்து, வழவழப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார். மீன் கொண்டுவந்தவர் அதற்குள் பாதிக் கதையைச் சொல்லி முடித்திருப்பார். அது எதுவும் இவர் காதில் விழுந்ததாகத் தெரியாது. "கடேசியா எப்பத் தண்ணி மாத்துனீக?" என்பதுதான் முதல் கேள்வி. "போன வாரந்தான்" என்று பதில் வரும். வருகிற எல்லாருமே போன வாரம் என்றுதான் சொல்கிறார்கள். "எந்தப் போன வாரம்?" என்பது இரண்டாவது கேள்வி.

அதற்கப்புறம்தான் மீன். நான்கு விரல் அகலமே உள்ள ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அது மாற்றப்படும். திரும்ப இடமில்லாததால் அசையாமல் நிற்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தும் மேலேயிருந்து பிடித்தும் சொர்ணலதா பார்ப்பார். மேலேயிருந்து பார்க்கும்போது செதில்கள் அன்னாசிப் பழத்தோல்போலத் தூக்கி நின்றால் அவர் முகம் சுருங்கிவிடும். உடம்புக்குள் நீர் கோத்துவிட்டது என்று பொருள். "இது தேறுறது கஷ்டம்ண்ணே. மருந்து குடுத்துப் பாப்போம். ஆனா தேத்திருவேன்னு நான் சொல்ல மாட்டேன்" என்று நேராகச் சொல்லிவிடுவார். பக்கவாட்டு வெளிச்சத்தில் ரவை தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தாலோ முகம் மலர்ந்துவிடும். நோயைப் பார்த்து ஒருவர் இத்தனை சந்தோஷப்படுவதை நான் வேறெங்கும் கண்டதில்லை. "பொட்டுதான். பொட்டுன்னா பத்து நாளு. நீங்க போயி நிம்மதியாத் தூங்குங்க."

உத்தமபாளையத்தில் நான் வேலை பார்க்கும் தபால் அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில் அவருடைய கடை. தேடிப் போகிறவர்கள் மீன் படம் போட்ட பலகையைத் தேடினால் கிடைக்காது. வாசலில் இன்னும் 'பவுனு டைலர்ஸ்' என்றுதான் இருக்கிறது. பவுனு இரண்டு தெரு தள்ளிப் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. வாரத்துக்கு ஒருவராவது ஜாக்கெட் துணியோடு வந்து, தொட்டிகளைப் பார்த்துத் திகைத்து நிற்கிறார்கள். அவர்களுக்கு வழி சொல்லி அனுப்புவதும் சொர்ணலதாவின் அன்றாட வேலைகளில் ஒன்று. பலகையை மாற்றக்கூடாதா என்று கேட்டால், "மீனு என்ன போர்டப் படிச்சுட்டா வருது" என்கிறார்.

பவுனு விட்டுப்போனதில் ஒரு கட்டு அளவுச் சீட்டுகளும் இருந்தன. மீன்களுக்கு மருந்துச்சீட்டு அவற்றில்தான். தோள், கை நீளம், மார்பு, இடுப்பு என்று அச்சடித்த கோடுகளுக்கு நடுவே, 'கோல்டு பிஷ். வயிறு ஊதல். தலைகீழ் நீச்சல்' என்று உருண்டை எழுத்தில் எழுதுகிறார். டெலிவரி தேதி என்ற இடத்தில் மறுபடி வரவேண்டிய நாள்.

அந்தத் தலைகீழ் மீன் வக்கீல் குமாஸ்தா பிச்சைமணியுடையது. பாசத்தில் வேளாவேளைக்குத் தீனி போட்டு, மீனின் வயிறு அடைத்துப் போயிருந்தது. மூன்று நாள் பட்டினி, பிறகு தோலுரித்த வேகவைத்த பட்டாணி பாதி என்று சீட்டு. "அது பட்டினி கெடக்க, எதுத்தாப்ல உக்காந்து நான் எப்பிடிச் சாப்புடுறது?" என்று பிச்சைமணி கலங்கினார். சொர்ணலதா அவர் தொப்பையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நீங்களும் சேர்ந்து இருங்கண்ணே, ரெண்டு பேருக்கும் நல்லது" என்றார். ஐந்தாம் நாள் மீன் நிமிர்ந்துவிட்டது. பிச்சைமணி பட்டினி கிடந்தாரா என்பது தெரியவில்லை.

சொர்ணலதாவுக்கு நாற்பத்தாறு வயது. சேலையின் முன்பக்கம் முழங்கால்வரை எப்போதும் ஈரம். காதோரம் பென்சிலைப்போல ஒரு சொட்டுக்குழாய். விரல் நுனிகள் மருந்துக் கறையில் லேசான பச்சையாக இருக்கும். காய்கறிக் கடையில் யாராவது மருதாணியா என்று கேட்டால், விளக்கச் சோம்பல்பட்டு, ஆமாம் என்றுவிடுவார். மினிபஸ் ஓட்டும் கணவர் முத்துப்பாண்டிக்கு எல்லா மீனும் 'கலர் மீனு'தான். அவருக்குப் பிடித்தது வறுத்த ஜிலேபிக் கெண்டை. ஞாயிற்றுக்கிழமை அதைக் கழுவும்போதுகூடச் சொர்ணலதாவின் கை முதலில் செவுளைத் தூக்கிப் பார்க்கும். "நல்லாச் செவப்பா இருக்கு. நோய் நொடி இல்லாம வாழ்ந்திருக்கு" என்று மனதாரப் பாராட்டிவிட்டு மிளகாய்த்தூளைத் தடவுவார்.

அவர் பிறந்தது மார்க்கையன்கோட்டையில். படித்தது லேப் டெக்னீசியன் படிப்பு. பன்னிரண்டு வருஷம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தார். அங்கே நோயாளிகள் காத்திருக்கும் ஹாலில் ஒரு மீன்தொட்டி. ஒரு மார்கழியில், மலையிலிருந்து குளிர் இறங்கிய வாரத்தில், அதிலிருந்த மீன்கள் கல்லில் உடம்பைத் தேய்க்க ஆரம்பித்தன. ஆளாளுக்குப் பூஞ்சை என்றார்கள். கொட்டிக் கழுவிக் கவிழ்த்துவிடச் சொல்லி முதலாளி உத்தரவு போட்டார். சாப்பாட்டு இடைவேளையில் சொர்ணலதா ஒரு மீனைப் பிடித்து, முதுகுச் சளியைக் கண்ணாடித் தகட்டால் லேசாக வழித்து, மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

"உருண்டுக்கிட்டே போகுதுக்கா. சின்னப் பந்து மாதிரி. உள்ளுக்குள்ள குதிரை லாடம் கணக்கா ஒண்ணு. பன்னெண்டு வருசமா ரத்தத்தையும் சளியையும் பாத்திருக்கேன், ஒருக்காக்கூட அம்புட்டுச் சந்தோசம் வந்ததில்ல. அன்னைக்குச் சோத்தையே மறந்துட்டேன்" என்று என்னிடம் சொன்னார். சொல்லும்போது இரண்டு கைகளாலும் காற்றில் அந்தப் பந்தை உருட்டிக் காட்டினார்.

பரிசோதனைக் கூடத்துக்குப் புது இயந்திரங்கள் வந்தபோது, அந்தப் பழைய மைக்ராஸ்கோப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு வேலையை விட்டார். இப்போது அது கடையின் நடுமேசையில், பூப்போட்ட தலையணை உறையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. வருகிறவர்களையும் அதற்குள் பார்க்கச் சொல்வார். "இந்தப் பொட்டுப் பூச்சி மீனு மேல இருக்கையில எந்த மருந்தும் தொடாது. கீழ விழுந்து, ஒண்ணு நூறாப் பெருகி, நீந்தி வரும் பாருங்க, அப்பத்தான் மாட்டும். பொட்டு மறைஞ்சிருச்சுன்னு மூணாம் நாளு மருந்த நிப்பாட்டிராதீகன்னு அதுக்குத்தான் அடிச்சுக்கிறேன்."

தொட்டி வாங்க வருகிறவர்களுக்கு அன்றைக்கே மீன் தரமாட்டார். மூன்று வாரம் தண்ணீர் 'பழுக்க' வேண்டும். புதுமனைப் புகுவிழாவுக்குப் பரிசளிக்க வேண்டுமென்று காரில் வந்த ஒரு குடும்பம் எவ்வளவோ கெஞ்சியது. "மீனோட கழிவத் தின்னு தீக்கிறதுக்குன்னு கண்ணுக்குத் தெரியாத பூச்சி வளரணும். அதுக்கு முன்னாடி விட்டா, அதுக மூத்திரத்துலயே அதுக மூச்சு முட்டிச் சாகும். பால் காச்சுற வீட்டுல அது வேணுமா?" என்று கேட்டு, வெறும் தண்ணீர்த் தொட்டியோடு அனுப்பிவைத்தார்.

தவறு செய்ததேயில்லை என்று சொல்கிறவர் அல்ல. கடை வைத்த முதல் வருஷம், வாயைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு படர்ந்த மீன்களுக்கு, பொட்டுக்குச் செய்வதுபோல ஹீட்டரைக் கூட்டிவிட்டார். அது பாக்டீரியா. சூடு ஏற ஏற வேகமாகப் பரவுகிற வகை. இரண்டே நாளில் ஒரு தொட்டி முழுக்கப் போய்விட்டது. "அது நோயில சாகல. நான் கொன்னது" என்று இன்றும் சொல்கிறார். அன்றிலிருந்து தகட்டில் வைத்துப் பார்க்காமல் மருந்தைத் தொடுவதில்லை. பார்த்தும் புரியாவிட்டால், சீட்டில் அதையே எழுதிவிடுவார்: 'இன்னும் தெரியல. நாளைக்கு வரவும்.'

போன கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் டீ வாங்கிக்கொண்டு அவர் கடைக்குப் போயிருந்தபோது, அனுமந்தன்பட்டியிலிருந்து கர்ணன் வந்தார். திராட்சை விவசாயி. அடர்ந்த மீசை, வெள்ளை வேட்டி. கையில் வாழை இலையில் பொதிந்த ஒரு செத்த மீன். ஏஞ்சல் என்று சொல்வார்களே, பட்டம்போல முக்கோணமாகத் துடுப்பை விரித்துக்கொண்டு மெதுவாகப் போகிற மீன், அது.

"இதோட எட்டாச்சு தங்கச்சி. பத்துல ரெண்டுதான் மிச்சம்" என்றார்.

சொர்ணலதா மீனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பொட்டு இல்லை. செதில் தூக்கவில்லை. துடுப்பு அரிக்கவில்லை. உடம்பில் சளி மட்டும் கெட்டியாகப் படிந்திருந்தது. அதை வழித்து மைக்ராஸ்கோப்பில் வைத்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் மலர்ச்சி இல்லை.

"ஒண்ணுமே இல்லண்ணே. ஒரு பூச்சிகூட இல்ல. எந்தக் கெழமையில சாவுது?"

கர்ணன் யோசித்தார். "திங்க, செவ்வாதான். வெள்ளி சனியில செத்ததா ஞாபகம் இல்ல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீட்டுல பேச்சு வேற மாதிரிப் போகுது தங்கச்சி."

அவர் மகன் மதன்குமாருக்கு ஆவணியில் கல்யாணம் நடந்திருக்கிறது. மகனுக்குத் திருப்பூரில் வேலை. மருமகள் சிம்ரன் மாமியார் வீட்டில் இருக்கிறாள். வந்த நாளிலிருந்து மீன்களுக்குத் தீனி போடுவது அவள்தான். ஐப்பசியில் மீன்கள் சாக ஆரம்பித்தன. கர்ணனின் மனைவி உமாதேவி முதலில் முணுமுணுத்தார், பிறகு வாய்விட்டே சொல்லிவிட்டார், அவள் கை பட்டால் விளங்காது என்று. ஆறாவது மீன் செத்த அன்று அந்தப் பெண் சாப்பிடவில்லை. கொஞ்ச நாள் அம்மா வீட்டில் விட்டுவைக்கலாம் என்று பேச்சு நடக்கிறது.

"எனக்கு அதுல நம்பிக்க இல்ல. ஆனா எட்டுச் செத்துப் போச்சே, நான் என்னத்தச் சொல்ல" என்றார் கர்ணன்.

சொர்ணலதா மைக்ராஸ்கோப்பின் விளக்கை அணைத்தார். பகல் பதினொரு மணிக்கு அவர் ஷட்டரை இறக்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். தன் தொட்டித் தண்ணீரை ஒரு கேனில் நிரப்பி என் கையில் கொடுத்தார். "அக்கா, அரைநாள் லீவு சொல்லிட்டு வாங்க. இதப் புடிச்சுக்கிட்டு வண்டில உக்கார ஆளு வேணும்." நான் போய் லீவு சொல்லிவிட்டு வந்தேன்.

கர்ணன் வீட்டு ஹாலில் நான்கு அடித் தொட்டி பளிச்சென்று இருந்தது. மிஞ்சிய இரண்டு மீன்களும் ஒரு மூலையில் துடுப்பைக் குறுக்கிக்கொண்டு வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. "வாங்க. பாத்து என்ன செய்யப் போறீக, வந்த நேரம் அப்பிடி" என்றார் உமாதேவி. அடுப்படி வாசலில் சிம்ரன் நின்றிருந்தாள். இருபத்து மூன்று வயது இருக்கும். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

சொர்ணலதா முழங்கால் போட்டுக் கண்ணாடியோடு கண்ணாடியாக முகத்தை வைத்துப் பார்த்தார். செடிகளைப் பார்த்தார். கற்களைப் பார்த்தார். "நத்தை எங்க மதினி?" என்றார்.

"எந்த நத்தை?" என்றார் உமாதேவி.

"செடி வச்ச தொட்டில பொடிப்பொடியா ஒட்டிக்கிட்டுத் திரியுமே."

உமாதேவிக்குத் தெரியவில்லை. கர்ணனுக்கும் தெரியவில்லை. அடுப்படி வாசலிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"நெறைய இருந்துச்சுக்கா. நான் வந்தப்பக் கண்ணாடி பூரா ஊரும். ஐப்பசியில மழை புடிச்சப்ப ஒவ்வொண்ணாக் கீழ விழுந்துருச்சு. மீனு சாகுறதுக்கு முன்னாடியே நத்தை செத்துருச்சு."

சொர்ணலதா திரும்பி அவளைப் பார்த்தார். "இந்த வீட்டுலயே நீ ஒருத்திதான் ஒழுங்காப் பாத்திருக்க தாயி" என்றார்.

அதற்குப் பிறகு அவர் கைகளில் ஒரு வேகம் வந்தது. இரண்டு மீன்களையும் கொண்டுவந்த தண்ணீருக்குப் பழக்கி, நிதானமாகக் கேனுக்குள் மாற்றினார். "இதுகள அட்மிட் பண்ணணும்." கர்ணனை வாய்க்காலுக்கு அனுப்பி, பதினைந்து நத்தை பிடித்து வரச் சொன்னார். உமாதேவியின் ஷோகேஸில் இருந்த கண்ணாடிப் பாயசக் கிண்ணங்களில் மூன்றைக் கேட்டு வாங்கி மேசையில் வரிசையாக வைத்தார். முதல் கிண்ணத்தில் மீன்தொட்டித் தண்ணீர். இரண்டாவதில் வீட்டுக் குழாய்த் தண்ணீர். மூன்றாவதிலும் அதே குழாய்த் தண்ணீர்தான். ஆனால் அதில் மீன் தீனியும் விழவேண்டும்.

"உன் கையால போடு தாயி" என்று சிம்ரனைக் கூப்பிட்டார்.

அவள் மாமியாரைப் பார்த்தாள். உமாதேவி வேறெங்கோ பார்த்தார். சிம்ரன் வந்து, நான்கு உருண்டையை எடுத்துப் போட்டாள். கிண்ணத்துக்கு ஐந்து நத்தை விடப்பட்டது.

"நாளைக்குக் காலையில வாரேன். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது. மதினி, நீங்கதான் காவல்" என்றார் சொர்ணலதா. பொறுப்பைத் தன்னிடம் ஒப்படைத்ததில் உமாதேவி கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கவனித்தேன்.

மறுநாள் எட்டு மணிக்குப் போனோம். உமாதேவி கிண்ணங்களுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதல் கிண்ணத்தில் ஐந்து நத்தைகளும் அடியில் சாய்ந்து கிடந்தன. சொட்டுக்குழாயால் தொட்டாலும் அசைவில்லை. இரண்டாவதில் எல்லாம் சுவரேறிக்கொண்டிருந்தன. ஒன்று விளிம்பைத் தாண்டி மேசை விரிப்பில் இறங்கிவிட்டிருந்தது. மூன்றாவதில் தீனி சுத்தமாகக் காலி. நத்தைகள் சுற்றுலா வந்தவைபோலக் கொம்பை நீட்டிக்கொண்டு திரிந்தன.

"விடிஞ்சதுல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அந்தா, அந்தப் பெரியது மூணு தடவை மேல ஏறி எறங்கிருச்சு" என்றார் உமாதேவி, மூன்றாவது கிண்ணத்தைக் காட்டி. சொல்லிவிட்டு அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொழாத் தண்ணி நல்லாருக்கு. தீனி நல்லாருக்கு. போட்ட கையும் நல்லாருக்கு" என்றார் சொர்ணலதா, ஒவ்வொரு சொல்லாக. "கொழாயில இருந்து தொட்டிக்குப் போறதுக்குள்ளதான் தண்ணி கெட்டுப் போகுது. இங்கன யாரு தண்ணி மாத்துறது?"

"நாந்தான். ஞாயித்துக்கெழம தவறாம மாத்திருவேன். இன்னைய வரைக்கும் ஒரு வாரம் தப்புனதில்ல" என்றார் கர்ணன். குரலில் பெருமை இருந்தது.

"எதுல புடிச்சு ஊத்துவீக?"

கர்ணன் பின்கட்டிலிருந்து வாளியை எடுத்து வந்தார். வெள்ளை பிளாஸ்டிக், லிட்டர் கோடு போட்டது. நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தது. சொர்ணலதா அதைக் கவிழ்த்து, விளிம்பின் மடிப்புக்குள் டார்ச் அடித்தார். கைப்பிடி மாட்டும் இடத்தில், நகத்தால் சுரண்டினால் மட்டும் வரக்கூடிய ஒரு கோடு, வானத்து நீலத்தில் உறைந்திருந்தது.

"இது என்னதுண்ணே?"

"அது கொடிக்கு அடிக்கிற மயில்துத்தம். மழை நேரத்துல பூஞ்சை வராம இருக்கச் சுண்ணாம்போட கலந்து..." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வாரம் முழுக்க அந்த வாளி தோட்டத்தில் மருந்து கலக்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து மீனுக்குத் தண்ணீர் சுமந்திருக்கிறது. மயில்துத்தத்தில் இருப்பது செம்பு. கொடியில் பூஞ்சையைக் கொல்லும் அதே செம்பு, தண்ணீரில் துளி கலந்தாலும் முதலில் நத்தையைக் கொல்லும், பிறகு மீனை. சொர்ணலதா இதைச் சொல்லும்போது குரலை உயர்த்தவில்லை. "கழுவித்தான் வச்சிருக்கீக. மடிப்புக்குள்ள இருக்கிறது கண்ணுக்குத் தெரியல. அவ்வளவுதான் விசயம்."

"வாராவாரம் நானே மொண்டு மொண்டு ஊத்தியிருக்கேன்" என்றார் கர்ணன்.

"இதுக்கு முன்னாடி எந்த வாளியில ஊத்துனீக?"

பதில் உமாதேவியிடமிருந்து வந்தது. "பச்சை வாளி ஒண்ணு இருந்துச்சு. கல்யாணப் பந்தியில சாம்பாரு ஊத்தக் குடுத்தோம். யாரோ தூக்கிட்டுப் போயிட்டாக."

இருமல் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. சிம்ரன் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக் கர்ணன் தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தார். உமாதேவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது. கல்யாணத்துக்கும் மீன் செத்ததற்கும் சம்பந்தம் இருக்கத்தான் செய்தது. அதைச் சாம்பாரோடு யாரோ தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

உமாதேவி மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். விருந்தாளிகள் நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருக்க, முதல் தம்ளரை மருமகளிடம் நீட்டினார். "குடி. நேத்துல இருந்து ஒண்ணும் ஒழுங்காச் சாப்புடல நீ." சிம்ரன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். சொர்ணலதா அளவுச் சீட்டு ஒன்றை எடுத்து, தோளுக்கும் இடுப்புக்கும் நடுவே எழுதிக் கர்ணனிடம் கொடுத்தார். 'நோய்: வாளி. மருந்து: புது வாளி.'

தொட்டியைக் காலி செய்து, கல்லையும் செடியையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக நிரப்பினார்கள். தண்ணீர் பழுக்கும்வரை இரண்டு மீன்களும் சொர்ணலதாவின் கடையில் உள்நோயாளிகளாக இருந்தன. முதல் மூன்று நாள் பானை ஓட்டுக்குப் பின்னால் ஒளிந்துகிடந்தன. நான்காம் நாள் ஒன்று துடுப்பை முழுசாக விரித்தது. அன்று சொர்ணலதா சந்தைத் தாண்டி எங்கள் கவுண்டருக்கே வந்து, வரிசையில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு, "விரிச்சிருச்சுக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். எதை என்று வரிசையில் இருந்தவர்களுக்கு விளங்கவில்லை. சிம்ரன் வாரம் இரண்டு முறை பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனாள். ஒரு தடவை உமாதேவியும் கூட வந்தார்.

மாசியில் ஒரு காலை கர்ணனிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன்.

"தங்கச்சி, திரும்ப வந்துருச்சு போலருக்கு. புள்ளி புள்ளியா ஒட்டியிருக்கு. ரெண்டும் அங்கனயே நின்னு வாயால கொத்திக்கிட்டுக் கெடக்குதுக. கிட்டப் போனாக் கண்ணாடில வந்து முட்டுதுக. வாளி புதுசுதான், சத்தியமா."

"புள்ளி மீனு மேலயா இருக்கு?"

"இல்ல. பில்டர் குழாய் மேல."

"வரிசையாவா?"

"ஆமா. முத்துக் கோத்தாப்ல."

சொர்ணலதா ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "அண்ணே, அது நோயில்ல. முட்டை. நீங்க தாத்தா ஆகப் போறீக."

மறுமுனையில், "ஏத்தா சிம்ரன், இங்கன வா" என்று கர்ணன் வீடதிரக் கூப்பிடுவது கேட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் போனபோது மதன்குமாரும் திருப்பூரிலிருந்து வந்திருந்தான். தொட்டிக்கு முன்னால் திருவிழாக் கூட்டம், பக்கத்து வீட்டார் உட்பட. குழாயின் மேல் இருநூறுக்குக் குறையாத முட்டைகள். பெற்றோர் இரண்டும் மாறி மாறித் துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தன. வெளுத்துப்போன முட்டைகளை மட்டும் வாயால் பொறுக்கி அகற்றின. "கெட்டதத் தள்ளிருதுக பாருங்க. நம்ம கை ஒண்ணும் தேவையில்ல" என்றார் சொர்ணலதா. மூக்கு கண்ணாடியில் அழுந்தியிருந்தது.

போட்டோ எடுக்கவேண்டும் என்றார் கர்ணன். புதுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். உமாதேவி தலையைக் கோதிக்கொண்டு வந்து நின்றார். மதன்குமார் ஓரத்தில். "டாக்டரம்மா நடுவுல நில்லுங்க" என்று சொர்ணலதாவைத் தொட்டிக்கு முன்னால் நிறுத்தினார்கள். போன் வழக்கம்போல மருமகள் கைக்குப் போனது. சிம்ரன் எதிரே நின்று எல்லாரையும் சட்டத்துக்குள் கொண்டுவரப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொர்ணலதா வரிசையிலிருந்து வெளியே வந்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சிம்ரனிடமிருந்து போனை வாங்கினார். அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, தான் நின்ற இடத்தில், முட்டைக் குழாய் பக்கத்தில் தெரிகிற மாதிரி நிறுத்தினார். பிறகு போனைக் கண்ணுக்கு நேரே தூக்கிக்கொண்டு, முதுகு சுவரில் முட்டும்வரை ஒவ்வோர் அடியாகப் பின்னால் நடந்தார்.